கேக்குதாவுக்குப் பின்னால் வரும் இடைவெளி

அந்த நிறுவனத்தின் பார்ட்னர் கல்லூரிகள் எல்லாம் சிறுசேரி அலுவலகத்தில், ஸ்டுடியோவின் பின்சுவரில் இருந்தன. ஒவ்வொரு கல்லூரியும் உள்ளங்கை அகலம் இருக்கும். கிட்டப்போய்ப் பார்த்தால் செமினார் ஹால் தெரியும். வரிசையாக மாணவர்கள் தெரிவார்கள். ஈரோட்டில் மழை பெய்தால் ஈரோட்டுக் கல்லூரி இருந்த இடத்தில் சுவர் ஓதம் பிடிக்கும். ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் வந்து துடைத்துவிட்டுப் போவார்கள்.

சங்கரன்கோவில் கல்லூரி எப்போதும் சூடாகவே இருக்கும். திருமலைக்கொழுந்து வகுப்பு தொடங்குமுன் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வான். அவன் மனைவி சங்கரகோமதி அங்கேதான் விரிவுரையாளராக இருந்தாள்.

"கையை எடுங்க சார். அங்க இருட்டிட்டு," என்பாள் ஹெப்சிபா. வெபினாரின் பொத்தான்கள் எல்லாம் அவள் பொறுப்பில் இருந்தன.

கொழுந்து கையை எடுப்பான். சங்கரன்கோவிலில் விடியும்.

வெபினார் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. பயிற்சியாளர் பேசுகிறார். அவர் குரலை இயந்திரம் மெல்லிய துண்டுகளாக நறுக்குகிறது, வெள்ளரிக்காயை நறுக்குவதுபோல. துண்டுகள் தனித்தனியாகக் கம்பியில் போகின்றன. ஒன்று விழுப்புரம் வழியாகப் போகும், இன்னொன்று சேலத்தைச் சுற்றிக்கொண்டு போகும். கல்லூரி வாசலில் ஒன்றுக்காக ஒன்று காத்திருந்து, சேர்ந்து, குரலாகி உள்ளே நுழையும். இத்தனையும் ஒரு மூச்சு விடும் நேரத்தில் முடிந்துவிடும். நினைத்தால் கைதட்டத் தோன்றும் ஏற்பாடு அது.

கொழுந்து கற்றுக்கொடுத்தது அலுவலக நடத்தை. மின்னஞ்சலை எப்படித் தொடங்குவது, கூட்டத்தில் எங்கே உட்காருவது, எப்படிக் கைகுலுக்குவது. வேலைக்குச் சேர்ந்த பிறகு நிறுவனம் சொல்லித்தருவதை இப்போது கல்லூரியில் இருக்கும்போதே சொல்லித்தந்துவிடுகிறார்கள். மாணவர்கள் எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார்கள். ஒருமுறை அவன் நடுவில் தும்மினான். அந்த ஆண்டு கேம்பஸ் இன்டர்வியூவில் எல்லோரும் கைகுலுக்குமுன் ஒருமுறை தும்மினார்கள். நிறையப் பேருக்கு வேலை கிடைத்தது.

கணவனும் மனைவியும் முன்பு ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். கொழுந்து பயிற்சியாளரான அதே வாரம் கல்லூரி கோமதியை வெபினார் ஒருங்கிணைப்பாளர் ஆக்கியது. வகுப்பு அங்கே சரியாகக் கேட்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. பேசுகிறவரும் கேட்கிறவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் எதிரொலி வரும். இதில் யாருடைய தவறும் இல்லை. ஒலியின் குணம் அது. கொழுந்து "தண்ணி" என்பான். அடுப்படி "தண்ணி, தண்ணி" என்னும். அதைக் கேட்டு மாடிப்படி சொல்லும். பிறகு மொட்டைமாடித் தொட்டி. பக்கத்து வீட்டுக்காரர் குடத்தோடு வந்து வாசலில் நிற்பார்.

எதிரொலிக்குத் தூரம்தான் மருந்து. நிறுவனம் அவனைச் சிறுசேரிக்கு அழைத்துக்கொண்டது.

ஃபோனில் பேசலாமே என்று யாருக்கும் தோன்றும். கொழுந்துவுக்கும் தோன்றியது. அவன் இங்கிருந்து "கோமு" என்றால் அங்கே அவள் காதில் "வணக்கம், இன்றைய தலைப்பு" என்று விழுந்தது. அவள் அங்கிருந்து என்ன சொன்னாலும் இங்கே "கேக்குது சார்" என்று வந்தது. கம்பிக்கு ஒன்றைக் கொண்டுபோய்ப் பழகிவிட்டால் அதையேதான் கொண்டுபோகும்.

ஆனால் ஒரு இடம் இருந்தது.

வகுப்பில் அடிக்கடி பயிற்சியாளர் நிறுத்தி, "கேக்குதா?" என்று கேட்க வேண்டும். கல்லூரியிலிருந்து ஒருங்கிணைப்பாளர் "கேக்குது சார்" என்று சொல்ல வேண்டும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. அதில் பாடம் கிடையாது. கம்பி அதைப் பாடமாக மாற்ற முடியாது, மாற்ற அதில் ஒன்றும் இல்லை. அது அப்படியே போய் அப்படியே வந்தது.

அந்த இடைவெளியில் சங்கரன்கோவில் மின்விசிறி சுற்றுவது கேட்கும். வளையல் மேசைமேல் உரசுவது கேட்கும். கோமதி மூச்சை உள்ளே இழுப்பது கேட்கும், ஏதோ சொல்லப்போகிறவள் இழுப்பதுபோல. கொழுந்து காத்திருப்பான். மற்ற கல்லூரிகளும் காத்திருக்கும். கடைசியில், "கேக்குது சார்."

முதலில் அவள் உடனே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். போகப்போக நேரம் எடுத்துக்கொண்டாள். இடைவெளி நீண்டுகொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம் நீண்டால் அதற்குள் அவள் ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுவாள் என்று கொழுந்து நம்பினான். வகுப்பில் சேராத ஒரு வார்த்தை. என்ன வார்த்தை என்பதில் அவனுக்குப் பிடிவாதம் இல்லை. திட்டினால்கூடப் போதும்.

ஒருநாள் காலை அவன் வந்தபோது அவன் நாற்காலியில் அவனே உட்கார்ந்திருந்தான். அடையாள அட்டையும் கழுத்தில் இருந்தது.

"இனிமே நீங்க வேண்டாம் சார். பதிவு போதும்னு மேல சொல்லிட்டாங்க," என்றாள் ஹெப்சிபா.

"இதுவா பதிவு?"

"ஆமா. நல்லா வந்திருக்கீங்க. உங்களைவிடத் தெளிவு."

பதிவு அவனைப் பார்த்துத் தலையசைத்தது. அதற்கு முகம் நன்றாகச் சவரம் செய்யப்பட்டிருந்தது.

"இடைவெளி எல்லாம் இருக்கா?"

"எந்த இடைவெளி?"

"கேக்குதான்னு கேட்டப்புறம் வரும்லா, அது."

"அதையெல்லாம் வெட்டி எடுத்தாச்சு சார். சும்மா கெடந்த இடந்தானே. வகுப்பு எவ்வளவு சின்னதாயிட்டு தெரியுமா?"

"வெட்டினதை எங்க வச்சிருக்கீங்க?"

"குப்பையில போட்டோம். அள்ளிட்டுப் போயிட்டாங்க."

"அங்க மேடம் பதில் சொல்வாங்களே?"

"சொல்லட்டும், யாரு வேண்டாம்னா? அதுக்குள்ள அடுத்த ஸ்லைடு வந்திரும்."

கொழுந்து சுவர் அருகே போனான். சங்கரன்கோவில் சூடாக இருந்தது. உற்றுப் பார்த்தான். திரைக்கு ஓரமாக மேசை, மடிக்கணினி, அதன்முன் கோமதி. அவளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அது எப்போதும் காலியாகத்தான் இருக்கும்.

"நான் நேர்ல போறேன்," என்றான்.

ஹெப்சிபா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆளாவா?"

"ஆளாத்தான்."

"ஆளு போறது ரொம்ப மெதுவாச்சே சார். குரல் லேசு, உடனே போயிரும். முகம் அதைவிடக் கனம். ஆளு எல்லாத்துக்கும் பின்னாலதான் போய்ச் சேரும். போய் உக்காந்தப்புறமும் கொஞ்ச நேரம் வராது."

"வராட்டி?"

"வந்திரும். காத்திருக்கணும், அவ்வளவுதான். வயரைப் பிடிச்சிட்டே போங்க. பாதியில விட்டிராதீங்க, வேற காலேஜுல போய் எறங்கிருவீங்க."

ஸ்டுடியோவுக்கு வெளியே நடைபாதை இருந்தது. சுவரோரம் ஒரு சாம்பல் நிறக் கம்பி ஓடியது. கொழுந்து அதைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பேன்ட்ரியைத் தாண்டினான். லிஃப்ட்டைத் தாண்டினான். நடைபாதை போய்க்கொண்டிருந்தது. மதுரை வரை நீல நிறக் கம்பளம் விரித்திருந்தார்கள். யாரோ அதில் மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். காயப்போட்ட அம்மா அவனை ஒதுங்கிப் போகச் சொன்னாள். ஒதுங்கினால் கம்பியை விட வேண்டும். அவன் மிளகாய்மேல் தாண்டித் தாண்டிப் போனான். அவள் விவரமாகத் திட்டினாள். மதுரைக்குப் பிறகு கம்பளம் இல்லை, வெறும் தரை. மேலே அலுவலகக் கூரை மட்டும் தொடர்ந்தது. குழல்விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

ஓர் இடத்தில் தடுப்புக்கட்டை இருந்தது. பக்கத்தில் ஒரு காவலாளி டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"குரலா, முகமா?" என்றார்.

"ஆளு."

"ஆளுக்கு இன்னும் ரூட் போடலையேப்பா."

"அவசரம் அண்ணாச்சி."

"எல்லாருக்குந்தான் அவசரம். காலையில ஒரு முகம் வந்துச்சு, கண்ணுல ஒரே தண்ணி. அதையே நிப்பாட்டித்தான் விட்டேன்." அவர் ஒரு வாய் சாதத்தை மென்று முடித்தார். "யாரைப் பாக்கப் போற?"

"வீட்டுக்காரியை."

காவலாளி டிபன் பாக்ஸை மூடினார். "அப்போ குரலு போற வழியில போ. ஏதாச்சும் பேசிட்டே போகணும். வாயை மூடினா வழியும் மூடிரும்."

"என்ன பேச?"

"அதை எங்கிட்ட கேக்கே? பொண்டாட்டிகிட்ட என்னடே பேசுவ?"

கொழுந்து யோசித்துப் பார்த்தான். மின்னஞ்சலைத் தொடங்கும் முறை நினைவுக்கு வந்தது. கூட்டத்தில் உட்காரும் முறை வந்தது. வேறொன்றும் வரவில்லை. அவன் அதையே சொல்லிக்கொண்டு நடந்தான். பிறகு வழியில் பார்த்ததைச் சொன்னான். சிறுசேரியில் இட்லி கல்போல இருப்பதைச் சொன்னான். அறைத்தோழன் துண்டைக் காயப்போடாமல் கட்டிலில் எறிவதைச் சொன்னான். சுவரில் கை வைத்ததைச் சொன்னான். சொல்லச்சொல்ல வழி அகலமாகிக்கொண்டே வந்தது.

கம்பி ஒரு கதவின் கீழே நுழைந்தது. கதவைத் திறந்தான். செமினார் ஹால்.

மாணவர்கள் நல்ல உயரமாக இருந்தார்கள். திரையில் பதிவு பேசிக்கொண்டிருந்தது. ஓரத்து மேசையில் கோமதி. பச்சை காட்டன் சேலை. காதோரம் ஒரு நரை புதிதாக வந்திருந்தது. சுவரில் பார்த்தபோது அது தெரிந்ததில்லை.

"கோமு," என்றான்.

யாரும் திரும்பவில்லை. அவன் இன்னும் வந்து சேரவில்லை. அவனுக்கு அதில் வருத்தம் இல்லை, ஹெப்சிபா முன்பே சொல்லியிருந்தாள். போய்க் காலி நாற்காலியில் உட்கார்ந்தான். மேற்கு ஜன்னல் வழியாக வந்த வெயில் நாற்காலியின் மீது நேராக விழுந்தது. சுவரில் பிடித்த அதே சூடு. இப்போது முகம் முழுவதும்.

தாமதமாக வந்த ஒரு மாணவன் அந்த நாற்காலிக்கு வந்தான்.

"அதுல உக்காராத. சார் உக்காருவாக," என்றாள் கோமதி.

"சார் ஸ்கிரீன்ல இருக்காரே மேடம்."

"அது வந்தாச்சு. அவுக இன்னும் வரலை."

மாணவன் புரிந்தது என்பதுபோலத் தலையாட்டிவிட்டுப் பின்வரிசைக்குப் போனான்.

"கேக்குதா?" என்றது பதிவு. கோமதி மூச்சை உள்ளே இழுத்தாள். அதற்குள் பதிவு கைகுலுக்கும் முறைக்குப் போய்விட்டது. அவள் இழுத்த மூச்சை அப்படியே வைத்திருந்துவிட்டு மெல்ல வெளியே விட்டாள். கொழுந்து அவள் முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. கண்ணுக்குக் கீழே மை லேசாகக் கலைந்திருந்தது.

மறுபடி, "கேக்குதா?" மறுபடி மூச்சு. மறுபடி ஸ்லைடு.

மூன்றாவது முறை அவள் முன்கூட்டியே விரலைத் தயாராக வைத்திருந்தாள். பதிவு "கேக்குதா?" என்றதும் மடிக்கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினாள். பதிவு நின்றது. திரையில் கொழுந்துவின் வாய் பாதி திறந்தபடி இருந்தது.

ஹாலில் சத்தம் அடங்கியது. மின்விசிறி சுற்றியது. மாணவர்கள் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்கள். இடைவெளி வந்து எல்லாப் பெஞ்சுகளிலும் உட்கார்ந்தது. இதுவரை கம்பி கொண்டுவந்த எதையும்விட அது நீளம்.

கோமதி திரையைப் பார்க்கவில்லை. நாற்காலியையும் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த சாக்பீஸ் தூளை விரலால் ஓரமாக ஒதுக்கினாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க. வெயிலு மேல படுது," என்றாள்.

மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். முன்வரிசைப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"எந்தப் பக்கம் தள்ளி உக்காரணும் மேடம்?"

"இங்கிட்டு."

கொழுந்து உட்கார்ந்தபடியே நாற்காலியை அவள் பக்கமாக இழுத்தான். அது கனமாக இருந்தது. ஆள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி அப்படித்தான் இருக்கும்.