ஊசி நுழைந்த பக்கம்

சீனப் புத்தாண்டு என்பதால் அலுவலகம் விடுமுறை. விடியற்காலை முதலே பிரிக்பீல்ட்ஸ் பக்கம் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. சபாபதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தேர்வுக்கான கணிதப் புத்தகத்தில் நேற்றுப் புரியாத அதே பக்கத்தை மறுபடியும் படித்துக்கொண்டிருந்தான். எதிரில் அவன் மனைவி புஷ்பவல்லி பாயை விரித்துத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். தைப்பூசத்துக்கு இன்னும் இரண்டே வாரம். அவளுடைய அண்ணன் வேலாயுதத்துக்குப் புதுச்சட்டை.

"அட கடவுளே!" கத்தரிக்கோலைப் போட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். "ரெண்டையும் எடக்கைக்கே வெட்டித் தொலைச்சிட்டேங்க."

"அளவு தப்பாப் போச்சா?"

"அளவெல்லாம் அச்சு மாதிரி இருக்கு. பாருங்க." ஒரு சட்டைக்கைத் துணியின் மேல் இன்னொன்றை வைத்தாள். ஓரம் பிசகாமல் ஒட்டிக்கொண்டன. "அதான் தப்பு. ஒண்ணு இப்படி வளைஞ்சா இன்னொண்ணு அப்படி வளையணும்."

"சுத்தி வச்சுப் பாரேன்."

அவள் சிரித்தாள். "பாயில வச்சு எத்தினி சுத்துச் சுத்தினாலும் எடக்கை எடக்கைதான். தூக்கிக் கவுத்துப் போடணும். கவுத்துப் போட்டா சாயம் இல்லாத பக்கம் மேல வந்துரும். ஒரு பக்கந்தானே சாயம்? பெரிய கணக்கெல்லாம் படிக்கிறீங்க, இது தெரியலையா?"

புத்தகத்தில் இருந்ததும் அதுதான். ஓர் உருவத்தின் அளவு மாறாமல் இடம் மாற்ற வழிகள் உண்டு. நகர்த்தலாம், சுழற்றலாம், ஒரு கோட்டின் மேல் கவிழ்க்கலாம். எதைச் செய்தாலும் புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் மாறாது. தூரம் மாறாதபோது இதை ஏன் மூன்றாகப் பிரித்தார்கள் என்பதுதான் நேற்று முழுக்க அவனுக்குப் புரியாமல் இருந்தது.

இப்போது புரிந்தது. புரிந்த அதே கணத்தில் புத்தகத்தைச் சட்டென்று மூடினான்.

வியாழக்கிழமை அலுவலகத்தில் அவன் ஒரு வரைபடத்தை நகல் எடுத்திருந்தான்.

பத்துமலைக்கு அந்தப் பக்கம் வேலாயுதம் வேலை செய்யும் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி. அங்கே போன மழைக்காலத்தில் வெடிமருந்து நிரப்பிய மூன்று குழிகள் வெடிக்காமல் போய், கல்லும் மண்ணும் சரிந்து மூடிக்கொண்டன. அப்போது மேற்பார்வை பார்த்த பழனியப்பன் அவற்றின் இடத்தை அளந்து ஒரு படம் போட்டுவைத்துவிட்டுக் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார். அந்த மூன்று குழிகளும் எங்கே இருக்கின்றன என்று இனி அந்தப் படத்துக்குத்தான் தெரியும். பாறையில் அடித்த இரண்டு இரும்பு முளைகள்: நடு முளை, அதிலிருந்து இருபதடி தள்ளி வடக்கு முளை. ஒவ்வொரு குழிக்கும் அந்த இரண்டு முளைகளிலிருந்தும் எத்தனை அடி என்ற அளவு. படம் நைந்து கிழியத் தொடங்கியதால் நகல் எடுக்கச் சொல்லி அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். வெடிக்காத குழிகள் இருக்கும் பக்கத்தைத் தொடாமல், மறுபக்கத்தில் புதிய துளை போட வேண்டும் என்று உத்தரவு.

சபாபதி பழைய படத்தை மேலே வைத்து, கீழே புதிய தாளை வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஊசியால் குத்தி இறக்கினான். பிறகு துளைகளை இணைத்து மை போட்டு எழுத்தெழுதினான். படம் நகலெடுக்கும் எல்லா டிரேசர்களும் செய்வதுதான். ஆனால் அன்றைக்கு இடையில் ஒன்று நடந்தது. கோப்பையிலிருந்து ஒரு சொட்டுக் காப்பி புதிய தாளில் விழுந்துவிட்டது. தலைமை வரைவாளர் பார்த்தால் கூடத்தில் எல்லார் முன்பும் நிற்கவைத்துத் திட்டுவார். அந்தப் பயத்தில் யாரும் பார்ப்பதற்குள் தாளைக் கவிழ்த்துச் சுத்தமான பக்கத்தை மேலே கொண்டுவந்தான்.

கவிழ்த்தது ஊசி குத்துவதற்கு முன்பா, பின்பா?

முன்பு என்றால் ஒன்றுமில்லை. பின்பு என்றால் கிழக்கில் இருந்ததெல்லாம் படத்தில் மேற்கே போயிருக்கும். ஊசித்துளை இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் தெரியும். முடித்த பிறகு கவராயத்தை வைத்து எல்லாத் தூரத்தையும் சரிபார்த்தான். அத்தனையும் சரியாக இருந்தன. சரியாகத்தானே இருக்கும்! இரண்டு முளைகளிலிருந்தும் அதே தூரத்தில், முளைகளை இணைக்கும் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் இடம் உண்டு, அந்தப் பக்கமும் ஓர் இடம் உண்டு. கிழக்கே ஏழு அடியின் வர்க்கமும் மேற்கே கழித்தல் ஏழு அடியின் வர்க்கமும் ஒன்றேதான்.

"உங்க அண்ணன் நேத்து அளவு குடுக்க வந்தப்ப என்ன சொன்னாரு? புதுத் துளை என்னைக்குப் போடறாங்களாம்?"

"இன்னைக்குத்தான். சீனவங்களுக்குத்தானே லீவு, எங்களுக்கு ஏதுன்னு பொலம்பிட்டுப் போச்சு. ஒம்போது மணிக்கு ஆரம்பமாம். ஏங்க, ஏன் மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?"

மணி எட்டேகால். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினான்.

தெருவில் ஒரு ரிக்‌ஷாகூட இல்லை. இழுக்கும் சீனர்கள் எல்லாரும் புத்தாண்டு கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். தொலைபேசி அலுவலகத்துக்குள் இருந்தது. அலுவலகம் பூட்டுக்குள் இருந்தது. முச்சந்தியில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் காதரிடம் போய் நின்றான். அவருடைய சைக்கிள் கல்லாவின் பக்கத்தில் சாத்தியிருந்தது.

"பாய், சைக்கிள் வேணும். பத்துமலை வரைக்கும்."

"பூசத்துக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு தம்பி. இப்பவே காவடியா?" என்று சிரித்தவர், அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "எடுத்துக்க, எடுத்துக்க. முன்னால பிரேக் கெடையாது, பாத்துப் போ."

பிரேக்கைப் பற்றி அன்று அவன் கவலைப்படவில்லை.

கடைகளெல்லாம் அடைத்துக் கிடந்தன. பத்து ரோடு என்ற அந்தக் கடைவீதி முழுக்கச் சிவப்புக் காகிதத் தூள். மாடிகளிலிருந்து கம்பத்தில் தொங்கவிட்ட பட்டாசுச் சரங்கள் வெடித்தபடி இருந்தன. ஒவ்வொரு வெடிக்கும் அவன் உடம்பு தூக்கிப்போட்டது. இது பட்டாசு, இது பட்டாசு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் அந்த மலைப்பக்கம் வெடித்தால் இங்கே வரைக்கும் கேட்குமா, கேட்டாலும் இந்தச் சத்தத்தில் தனியாகத் தெரியுமா என்று இன்னொரு மனம் கேட்டுக்கொண்டே வந்தது. ஒருவேளை ஏற்கெனவே வெடித்திருந்தால்? இப்போது காதில் விழுந்தது எது?

செந்தூல் தாண்டும்போது மூச்சு இரைத்தது. நெஞ்சு வலித்தது. வியாழக்கிழமை மத்தியானத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். கோப்பை. சொட்டு. தாளைக் கவிழ்த்த கை. அந்தக் கையில் ஊசி இருந்ததா? ஒரு தடவை நினைத்தால் இருந்தது; அடுத்த தடவை இல்லை. பயந்த மனதுக்கு எதுவுமே நிச்சயமில்லை. இதைவிட மோசமான ஒரு நினைப்பும் வந்தது. படம் சரியாகவே இருந்து, இவன் போய் அது தப்பு என்று சொல்லி, அவர்களை மறுபக்கத்துக்கு நகர்த்திவிட்டால்? அப்போது வேலாயுதத்தைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் மருந்தின் மேல் நிறுத்தியவன் இவனாகத்தான் இருப்பான்.

வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கால்கள் மட்டும் மிதிப்பதை நிறுத்தவில்லை.

மலை வெள்ளையாகத் தெரியத் தொடங்கியபோதே சம்மட்டிச் சத்தம் கேட்டது. டங்... டங்... டங்... அது நிற்காமல் கேட்பது அவனுக்குப் பயமாக இருந்தது. நின்றுவிடுமோ என்று அதைவிடப் பயமாக இருந்தது.

சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுக் கற்குவியலின் மேல் ஏறினான். வேலாயுதம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து துளைக்கம்பியைப் பிடித்துத் திருகிக்கொடுக்க, இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சம்மட்டி போட்டார்கள்.

"நிறுத்துங்க! மச்சான், நிறுத்துங்க!"

சம்மட்டி அந்தரத்தில் நின்றது. கங்காணி தம்புசாமி குடையை மடக்கிக்கொண்டு வந்தார்.

"யாருப்பா நீ? வேலை நேரத்தில வந்து கூவுற?"

"என் தங்கச்சி வீட்டுக்காரர்தான் கங்காணி. படம் போடற கிராணி," என்றான் வேலாயுதம். "என்ன மச்சான், வல்லிக்கு ஏதாச்சும்..."

"அவ நல்லாருக்கா. படம்தான்... நான் போட்ட படம் தப்பா இருக்கலாம். கிழக்கும் மேற்கும் மாறியிருக்கலாம்."

தம்புசாமி இடுப்பிலிருந்து படத்தை உருவி விரித்தார். "நானே டேப்பு வச்சு அளந்தேன். நடு முளையிலிருந்து பதினாலு அடி, வடக்கு முளையிலிருந்து பதினொண்ணு. ஓர் அங்குலம் கூடல, கொறையல. குழி அந்தப் பக்கம் இருக்கு. நாங்க இந்தப் பக்கம் துளைக்கிறோம்."

"அதே அளவு இந்தப் பக்கமும் வரும் கங்காணி. அளந்தா தெரியாது."

"அளந்தா தெரியாதுன்னா பின்ன எப்படித்தான் தெரியும்? ஆரூடம் பாக்கணுமா?" சம்மட்டிக்காரர்கள் சிரித்தார்கள். "சரி, நீயே சொல்லு. எந்தப் பக்கம்?"

சபாபதி படத்தைப் பார்த்தான். "தெரியல," என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. வேலாயுதம் தன் காலடியில் இருந்த துளையை மெதுவாகக் குனிந்து பார்த்தான். ஒன்றரை அடி இறங்கியிருந்தது.

சபாபதி படத்தை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்தான். ஊசித்துளைகள் நட்சத்திரம்போல ஒளிர்ந்தன. முன்னால் பார்த்தாலும் அதே நட்சத்திரங்கள், பின்னால் பார்த்தாலும் அதேதான். பின்பக்கத்தில் காப்பிக் கறை காய்ந்து வட்டமாக இருந்தது. காற்றில் தாள் படபடத்தது. அதை அடக்க அவன் தாளைத் தொடைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினான். அப்போது விரல்நுனியில் ஏதோ சொரசொரத்தது.

ஊசி நுழையும் பக்கம் வழவழப்பாக இருக்கும். வெளியே வரும் பக்கத்தில் தாள் கிழிந்து, துளையைச் சுற்றிச் சின்ன மேடு எழும்பும். ஊசி பழைய படத்தின் வழியாக மேலிருந்து இறங்கியது. ஆகவே மை போட வேண்டியது வழவழப்பான பக்கத்தில்.

கண்ணை மூடிக்கொண்டு மை போட்டிருந்த பக்கத்தில் ஒவ்வொரு துளையாகத் தடவினான். சொரசொரப்பு. இன்னொன்று. அதுவும் சொரசொரப்பு. தாளைக் கவிழ்த்துக் கறைப் பக்கத்தில் தடவினான். கண்ணாடிபோல வழவழவென்று இருந்தது.

"குத்தின பிறகு கவுத்திருக்கேன்," என்றான். "இந்தக் கறையை மறைக்கிறதுக்காக. பின்பக்கத்தில மை போட்டிருக்கேன். குழிங்க அங்க இல்ல. இங்கதான்."

தம்புசாமி படத்தை வாங்கித் தடவிப் பார்த்தார். முப்பது வருஷம் கல்லில் காய்த்த விரல்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தாளைத் தூக்கிக் கன்னத்தில் மெல்ல உரசினார். கவிழ்த்து மறுபடியும் உரசினார். அவர் முகம் மாறிற்று.

"கம்பியை உருவாத. அப்படியே விட்டுட்டு எழுந்திரு," என்றார் வேலாயுதத்திடம். "மெதுவாடா. மெதுவா."

எல்லாரையும் தூரத்துக்குப் போகச் சொல்லிவிட்டு டேப்பை எடுத்து இந்தப் பக்கம் பதினாலு அடியும் பதினொரு அடியும் பிடித்தார். இரண்டும் சந்தித்த இடம் வேலாயுதம் உட்கார்ந்திருந்ததற்கு ஒரு முழம் பின்னால் வந்தது. கங்காணியே மண்டியிட்டுக் கற்களை ஒவ்வொன்றாக, முட்டையை எடுப்பதுபோல எடுத்துவைத்தார். கால்மணி நேரம் ஆயிற்று. பிறகு அவர் கையை அசைக்காமல் தலையை மட்டும் திருப்பினார். இரண்டு கற்களுக்கு நடுவே, நனைந்து கறுத்த திரியின் நுனி ஒரு விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

எல்லாரும் குவாரிக்கு வெளியே மரத்தடிக்கு வந்தார்கள். தம்புசாமி வெற்றிலையை மடித்தார். வாயில் போட மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

"துரைக்கு எழுதி அனுப்பணும் கிராணி. படம் தப்புன்னு. யார் தப்புன்னும் கேப்பாரு."

"என் பேரை எழுதுங்க," என்றான் சபாபதி. "வேணாம், குடுங்க. நானே எழுதறேன்."

பென்சிலை வாங்கிப் படத்தின் குறுக்கே இரண்டு கோடு இழுத்தான். மை போட்டது பின்பக்கத்தில் என்று எழுதினான். அதற்குக் கீழே தன் பெயரை எழுதும்போது அலுவலகக் கூடமும், தலைமை வரைவாளரின் கண்ணாடியும், மாதச் சம்பளமும், புஷ்பவல்லியின் முகமும் வரிசையாக வந்தன. காப்பிச் சொட்டு விழுந்தபோது பயந்ததைவிட இப்போது அதிகமாகப் பயமாக இருந்தது. ஆனாலும் எழுத்துகள் கோணாமல் விழுந்தன.

வேலாயுதம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சட்டை முடிஞ்சுதா மச்சான்?" என்றான், வேறெதுவும் கேட்கத் தெரியாதவன்போல.

"இல்ல. ரெண்டு கையையும் எடக்கையா வெட்டிட்டா."

"கூறு கெட்டவ," என்று வேலாயுதம் சிரிக்க வாயெடுத்தான்.

அந்த நேரம் பார்த்துச் செந்தூல் பக்கத்திலிருந்து ஒரு நீளமான பட்டாசுச் சரத்தின் சத்தம் காற்றில் வந்தது. மரத்தடியில் இருந்த அத்தனை பேரும், கங்காணி உள்பட, தலையைக் கையால் மூடிக்கொண்டு மண்ணில் குப்புற விழுந்தார்கள். சரம் வெடித்து ஓய்ந்தது. அதற்குப் பிறகும் முதலில் எழுந்திருக்க யாருக்கும் துணிவில்லை.