மீதி நான்கு கட்டங்கள்

2023 ஜூன் 14, புதன்கிழமை மாலை ஐந்து பத்துக்கு, பினாங்கு கெலுகோரில் தன் வீட்டுக் கூடத்தில், கணினி மேசையின் முன்னால் சந்திரசேகரன் இறந்தார். வயது அறுபத்து மூன்று. மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தொன்பது ஆண்டுகள் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர்.

மறுநாள் காலை எட்டரைக்கு மருத்துவமனையிலிருந்து உடல் வந்தது. ஐஸ் பெட்டியை இறக்கிய ஆட்களில் ஒருவன் அதன் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரமாகப் பார்த்தான். கூடத்தில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான் இருந்தது. அதில் கணினி செருகியிருந்தது.

"இத புடுங்கிட்டு மாட்டிரலாமாக்கா?"

"வேணாம்" என்றாள் அவர் மனைவி பிரேமா.

நேற்று மாலையிலிருந்து அவள் உரக்கச் சொன்ன முதல் சொல் அது. கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பொன்னம்மை, சந்திரசேகரனின் அக்காள், விடியற்காலையில் நிபோங் திபாலிலிருந்து வந்து இறங்கியதுமே வீட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா, மனுஷனே போயிட்டான். இது ஓடி என்ன ஆவப்போவுது?"

"அதுல கை வைக்காதீங்க அண்ணி."

பொன்னம்மை உதட்டைப் பிதுக்கினாள். மகன் அருண் கோலாலம்பூரிலிருந்து இரவெல்லாம் கார் ஓட்டி வந்திருந்தான். கண்கள் சிவந்து கிடந்தன. படுக்கையறைக்குப் போய் அங்கிருந்து நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தான். ஐஸ் பெட்டி உறுமத் தொடங்கியது.

சமையலறையிலிருந்து பொன்னம்மையின் குரல் கேட்டது. "யாரு மீன் பொரிச்சு வச்சது? துக்க வீட்டுல கவுச்சி வாட. தூக்கிப் போடுங்கடி இத."

யாரோ தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார்கள். பிரேமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கணினி வீட்டுக்கு வந்தது 2010இல். கொம்தாருக்குப் பக்கத்தில் சிக்கந்தர் வைத்திருந்த சின்னக் கடையில் வாங்கியது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் காய்கறிக்குப் பக்கத்திலேயே சாஃப்ட்வேர் சிடிகளைப் பரப்பி வைத்து விற்ற காலம் அது. சந்திரசேகரன் மட்டும் அட்டைப்பெட்டியில் வரும் ஒரிஜினல் விண்டோஸ்தான் வேண்டும் என்று நின்றார். "அண்ணே, இந்த வருஷம் நான் வித்த மொத ஒரிஜினல் இதுதான். பெட்டியோட ஒரு போட்டோ எடுத்துக்கவா?" என்று சிக்கந்தர் கிண்டல் செய்தான். இவர் சிரிக்கவில்லை. "ஸ்டோர்ல பில் இல்லாத சாமான் ஒன்னுகூட இருந்தது இல்ல தம்பி" என்றார்.

சாமானை எண்ணுவதற்கும் ஸ்டோரில் ஒரு விதி இருந்தது. ஒருவர் படிக்க வேண்டும், ஒருவர் எழுத வேண்டும். தனியாளாக எண்ணினால் கண் பொய் சொல்லும் என்பார். அந்த விதி அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. முதல்முறை விண்டோஸைப் பதிவு செய்தபோது, தொலைபேசியில் அழைத்து எண்களைச் சொல்லிப் பதில் எண்களை வாங்க வேண்டும் என்று தெரிந்ததும், அடுக்களையில் இருந்த பிரேமாவைக் கூப்பிட்டார். அவர் கேட்டுத் திருப்பிச் சொல்ல, அவள் எழுதினாள். பிறகு அவள் படிக்க, அவர் தட்டினார். ஐந்து நிமிட வேலை முக்கால் மணி நேரம் ஆனது. முடிந்ததும் இருவரும் எஸ்பிளனேடு வரை போய் மீ கோரெங் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

2014 டிசம்பரில் இடி விழுந்து உள்ளே இருந்த போர்டு எரிந்தது. புதுப் போர்டு போட்டதும் கணினி தன்னையே அடையாளம் தெரியாததுபோல மறுபடியும் உரிமம் கேட்டது. மறுபடியும் தொலைபேசி, மறுபடியும் இருவர். 2018இல் இன்னொரு முறை. விண்டோஸ் ஏழிலிருந்து பத்துக்கு மாறியிருந்தாலும் அதே உரிமம்தான். அந்தத் தொலைபேசியில் ஒரு மலாய்ப் பெண்ணின் பதிவுக் குரல் கேள்வி கேட்கும். எத்தனை கணினிகளில் இதைப் போட்டிருக்கிறீர்கள்? சந்திரசேகரன் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "சாத்து" என்பார். ஒன்று. பிறகு அதையே பொத்தானிலும் அழுத்துவார்.

"மெஷின்கிட்ட என்னங்க இவ்ளோ மரியாத? கோர்ட்டுல சாட்சி சொல்ற மாதிரி" என்பாள் பிரேமா.

"உண்மைய சொல்றப்ப நேரா உக்காந்துதான் சொல்லணும்."

மூன்று முறையும் 555 என்ற சின்னக் கணக்கு நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருந்தார். கீழே ஸ்டோர் வழக்கப்படி: படித்தது ச., எழுதியது பி.

போன ஞாயிற்றுக்கிழமை நான்காவது போர்டு வந்தது. நேற்று மத்தியானம் அதை அவரே பொருத்தினார். திரை எரிந்தது. முகப்பில் அவர்கள் படம் வந்தது. கல்யாணமான புதிதில், 1991இல், பட்டர்வொர்த் பெரிக் கப்பலில் எடுத்தது. மேல்தளத்துக் கம்பியைப் பிடித்தபடி அவள், பக்கத்தில் மீசையோடு அவர். ஆனால் திரையின் வலது கீழ் மூலையில், சரியாக அவள் செருப்பின் மேல், விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும் என்ற சாம்பல் நிற எழுத்து ஏறி நின்றது.

"வந்து பாரேன், ஒன் கால்ல நோட்டீஸ் ஒட்டிட்டான்" என்று சிரித்தார். அப்போது மாலை நாலரை மணி.

ஐந்து மணிக்குக் கூப்பிட்டார். "பிரேமா, வா. நம்பர் சொல்லப் போறா."

அவள் கெம்போங் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். "இருங்க, ரெண்டு துண்டுதான் இருக்கு."

ஐந்து துண்டுகள் இருந்தன.

இன்னொரு முறையும் கூப்பிட்டார். இந்த முறை அவள் பதிலே சொல்லவில்லை. கடைசித் துண்டைத் திருப்பிப் போட்டு, அடுப்பை அணைத்து, கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது அவர் மேசையில் சாய்ந்திருந்தார். போனில் அந்தப் பெண் குரல், தொடர எண் ஒன்றை அழுத்தவும், தொடர எண் ஒன்றை அழுத்தவும் என்று மலாயில் சொல்லிக்கொண்டே இருந்தது.

ஆம்புலன்ஸ்காரர்களிடமும் அருணிடமும் அவள் சொன்னது ஒரே வாக்கியம்: "அடுப்படியில இருந்தேன், வந்து பாத்தா இப்படி."

பதினொன்றரை மணிக்கு சிக்கந்தர் வந்தான். அவனுக்கும் இப்போது தலை நரைத்திருந்தது. பெட்டியின் அருகே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு பிரேமாவுக்குப் பக்கத்தில் வந்து குந்தினான்.

"நாந்தான் பிட் பண்ணித் தரேன்னு சொன்னேன்க்கா. கேக்கல. 'நீ வந்தா ஒனக்கு டீ போட்டுக் குடுக்கவே ஒரு ஆள் வேணும்'ன்னாரு." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அவன் கண் மேசைப் பக்கம் போனது. "இன்னும் ஆக்டிவேட் ஆவலையா?"

"தம்பி, நேத்து பாதி நம்பர் எழுதி வச்சிருக்காரு. இன்னிக்கு மறுபடி போன் பண்ணா வேற நம்பரா வரும்?"

"அதே போர்டு, அதே ஸ்கிரீன்ல இருக்குற நம்பர்தானே. அத அடிச்சா அதே பதில்தான் வரும்." பிறகு அவளை உற்றுப் பார்த்தான். "விடுங்கக்கா. காரியமெல்லாம் முடியட்டும், நான் ஒரு நாள் வந்து செஞ்சு தரேன்."

"வண்டி எத்தன மணிக்கு?" என்று அவள் அருணைக் கேட்டாள்.

"மூனு மணிக்கும்மா. ஒன்றரைக்குச் சடங்கு செய்யப் பண்டாரம் வந்துருவாரு."

பிரேமா எழுந்து கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். மவுஸை அசைத்தாள். இருண்டு கிடந்த திரை விழித்தது. மேலே ஒன்பது கட்டங்களில் ஏழேழு இலக்கங்கள். கீழே ஏ முதல் எச் வரை எட்டுக் கட்டங்கள், எல்லாம் காலி. விசைப்பலகைக்குப் பக்கத்தில் 555 நோட்டு நேற்று விரித்தபடியே கிடந்தது.

கூடத்தில் யாரோ ஒரு பெண், "அதிர்ச்சி லா, பாவம்" என்று மெல்லச் சொன்னாள்.

பொன்னம்மை வந்து தோளைத் தொட்டாள். "பிரேமா, நாலு பேரு பாக்குறாங்க. அவன் கால்மாட்டுல வந்து ஒக்காரு."

"முடிச்சிட்டு வரேன் அண்ணி."

"என்னத்த முடிக்கிற?"

அவள் 555 நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். பொன்னம்மை அருணைப் பார்த்துக் கண்ணால் சைகை காட்டினாள். அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்தான். கணினிதான் அவன் தொழில். தணிந்த குரலில் பேசினான்.

"ம்மா, இதுக்கு ஏன் போனு? ஆன்லைன்ல ஒரு கீ வாங்கி நான் போட்டுத் தரேன். ரெண்டு நிமிஷம்தான் லா."

"அவருகிட்டதான் கீ இருக்கே."

"இருக்கு, சரி. ஆனா இன்னிக்கே செய்யணுமா?"

"அவரு வீட்ட விட்டுப் போறதுக்குள்ள செய்யணும்."

அருண் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு அப்பாவின் போனை மேசையிலிருந்து எடுத்தான். கடைசியாக அழைத்த எண் மேலேயே இருந்தது. ஸ்பீக்கரில் போட்டு மலாயைத் தேர்ந்தெடுத்தான். அதே பெண் குரல், அதே நிதானம். வந்திருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்டது.

பிரேமா திரையிலிருந்து படித்தாள், அவன் அழுத்தினான். அறுபத்து மூன்று இலக்கங்கள். ஐந்தாவது கட்டத்தில் அவள் படிப்பதை நிறுத்தினாள். அவன் காத்திருந்தான். அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

எத்தனை கணினிகளில் என்று குரல் கேட்டது. அருண் பொத்தானைத் தேடுவதற்குள் பிரேமா நிமிர்ந்து உட்கார்ந்து, "சாத்து" என்றாள். சுவரோரமாக நின்றிருந்த சிக்கந்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலுக்குப் போனான்.

குரல் பதில் எண்ணைச் சொல்லத் தொடங்கியது. அருண் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னான். பிரேமா எழுதவில்லை. பேனாவின் முனையால் நோட்டில் அவர் எழுதியிருந்ததைத் தொட்டுக்கொண்டே வந்தாள். ஏ கட்டம் சரியாக இருந்தது. பி, சி இரண்டும் சரி. ஒரு இலக்கமும் மாறவில்லை. தனியாளாக எழுதியும் கண் பொய் சொல்லவில்லை.

டி கட்டத்தில் ஐந்து இலக்கங்கள்தான் முழுதாக இருந்தன. ஆறாவது இடத்தில் மேலிருந்து இறங்கி வளையத் தொடங்கிய ஒரு கோடு மட்டும். அங்கே பேனா நின்றிருந்தது.

"எனாம்" என்றது குரல்.

"ஆறு" என்றான் அருண்.

பிரேமா அவர் விட்ட இடத்தில் பேனாவை வைத்து வளைவை மூடினாள்.

தொடர எண் ஒன்றை அழுத்தவும் என்று குரல் சொன்னது. அருணின் விரல் பொத்தானுக்கு மேல் நின்றது. அவன் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது அப்பா கையெழுத்துதானே? ஆள் இல்லாம அவரு செய்யவே மாட்டாரே." பிறகு இன்னும் தணிந்து, "நீங்க எங்கம்மா இருந்தீங்க?"

"மீன் பொரிச்சிக்கிட்டு இருந்தேன்."

ஐஸ் பெட்டி உறுமி நின்று, மறுபடி உறுமத் தொடங்கியது.

"ரெண்டு தடவ கூப்ட்டாரு" என்றாள்.

தொடர எண் ஒன்றை அழுத்தவும் என்று குரல் மறுபடியும் சொன்னது. அருண் நிமிரவில்லை. பிறகு எண் ஒன்றை அழுத்தினான்.

"ஈ" என்றான். "எழுதுங்கம்மா."

அவள் எழுதினாள். ஈ, எஃப், ஜி. எச் கட்டத்தில் ஒரு இலக்கத்தை மறுபடி கேட்டுச் சரிபார்த்தாள். பிறகு அவள் நோட்டைப் பார்த்துப் படிக்க, அவன் எட்டுக் கட்டங்களிலும் தட்டினான். திரையில் சின்ன வட்டம் ஒன்று சுழன்றது. நின்றது.

"ஆயிருச்சு" என்றான் அருண்.

திரையில் அந்த ஜன்னலை அவன் மூடியதும் பெரிப் படம் வந்தது. மூலையில் எழுத்து இல்லை. 1991இன் செருப்பு, அதன் வார், தளத்தின் இரும்புத் தகடு, எல்லாம் தெரிந்தன. வெளியே பண்டாரம் வந்து சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. பொன்னம்மை கூப்பிட்டாள். "வாம்மா, நேரமாச்சு."

பிரேமா நோட்டில் தேதியைப் பார்த்தாள். 14.6.2023 என்று அவரே எழுதியிருந்தார். அதைத் திருத்தவில்லை. கீழே எழுதினாள்: படித்தது அ., எழுதியது ச., பி.

வண்டி மூன்று இருபதுக்குப் புறப்பட்டது. பத்து லஞ்சாங் மயானத்தில் நாலரை மணிக்குத் தகனம் முடிந்தது.