இரண்டு மணி நேரக் குறை

வெண்டலுக்கு வாய் சும்மா இருக்காது. ஒஹாயோவில் வக்கீல்கள் இரண்டு வருடத்துக்கு இருபத்து நாலு மணி நேரம் சட்டத் தொடர்கல்வி வகுப்பில் உட்கார்ந்தால் போதும், நீதிபதிகளுக்கு நாற்பது. வக்கீலான அவன், நீதிபதியான மனைவி மார்லாவை இதைச் சொல்லியே சீண்டுவான்.

"மக்குப் பசங்களுக்குத்தான் ட்யூஷன் ஜாஸ்தி, ஜட்ஜம்மா."

"நீ தப்பு பண்ணா நான் திருத்துவேன். நான் பண்ணா எவன் வாழ்க்கையோ போயிடும். அதான் நாப்பது."

டிசம்பர் கடைசி நாள். இரண்டு வருடக் கெடு அன்றோடு முடிகிறது. வெண்டல் புத்தாண்டுக்கான பன்றி இறைச்சியைப் புளித்த முட்டைக்கோசோடு அடுப்பில் ஏற்றியிருந்தான். கடைசி வகுப்பின் சான்றிதழ் தபாலில் வந்தது. ஆறு மணி நேரம். சரியாக நாற்பது ஆகிவிட்டது. மார்லாவின் முகம் மட்டும் மலரவில்லை.

"இது தப்பு. காலையிலேயே நாள் முழுசுக்கும் கையெழுத்து வாங்கிட்டாங்க. நான் ரெண்டு மணி நேரம் முன்னாடியே கிளம்பிட்டேன். அந்தக் குழந்தை கேஸ் அவசரமா வந்துச்சே."

"கோர்ட்டுக்குத்தானே போனே! நாங்கல்லாம் கையெழுத்துப் போட்டுட்டு சாப்பிடப் போயிடுவோம், எவன் கேக்குறான்? மே மாசம் உன் ஜட்ஜ் பதவிக்கு எலெக்‌ஷன். மணி நேரம் குறை வெச்சவங்க பட்டியல்ல உன் பேரு வந்தா, எதிராளி ஊரெல்லாம் ஒட்டுவான்."

"ஒட்டட்டும். நாளைக்கு ஒருத்தன் கூண்டுல நின்னு பொய் சொன்னா, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவனைக் கேப்பேன்?"

இரண்டு மணி நேரத்தைக் கழிக்கச் சொல்லி, கணக்கு வைக்கும் அலுவலகத்துக்கு அப்போதே மின்னஞ்சல் அனுப்பினாள். வெண்டல் அடுப்பை அணைத்துவிட்டு வந்து திரையை எட்டிப் பார்த்தான். பன்னிரண்டு வருடப் பதவியாயிற்றே.

மார்ச்சில் பட்டியல் வந்தது. அந்த வட்டாரத்து நீதிபதிகளில் அவள் பெயர் ஒன்றுதான். கோர்ட்டுக்கு எதிரே உள்ள காபிக் கடையில், அவளை எதிர்த்து நிற்பவருக்கு வேலை பார்க்கும் வக்கீல் ராஸ்கோ செய்தித்தாளை ஆட்டினான்.

"என்ன வெண்டல், வீட்டம்மா ஃபெயிலாமே?"

"ஆமா, ஃபெயிலு. ரெண்டு மணி நேரம். அது எப்படி வெளிய வந்துச்சு தெரியுமா? அவளே எழுதிப் போட்டா. உன் இருபத்து நாலுல நீ நிஜமா உக்காந்தது எத்தனை, ராஸ்கோ? என்னோடது நான் சொல்றேன், பதினொண்ணு!"

ராஸ்கோ செய்தித்தாளை மடித்துக் கக்கத்தில் செருகினான். மே மாதம் மார்லா ஜெயிக்கலாம், தோற்கலாம். இப்படி ஒருத்திக்குப் புருஷன் என்பதே வெண்டலுக்கு நெஞ்சு கொள்ளாத பெருமையாக இருந்தது. தன் பதினோரு மணி நேரத்தை எந்த முகவரிக்கு எழுத வேண்டும் என்று அவளிடம் கேட்கத் தெருவைக் கடந்தான்.