ஹெப்சிபாவின் காய்ச்சல் இறங்கிய விதம்

தேவசிகாமணி சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஓய்வுபெற்றது பள்ளிக்கூடத்திலிருந்துதான், தலைமையிலிருந்து இல்லை. பாளையங்கோட்டையில் அவர் வீட்டு முன்னறை அலமாரியில் ஹோமியோபதிக் குப்பிகள் காலை வணக்கக் கூட்டம் மாதிரி அசையாமல் வரிசையில் நின்றன.

மனைவி ஹெப்சிபாவுக்குக் காய்ச்சல் வந்தபோது சார் வருத்தப்படவில்லை என்று சொல்லமுடியாது. ஆனால் அந்த வருத்தத்தின் ஓரத்தில் கொஞ்சம் உற்சாகமும் இருந்ததை ஹெப்சிபா கவனித்தாள். மருந்து கொடுத்தபின் உடம்புச் சூடு எப்படி மாறுகிறது என்று அளந்து உலகத்துக்குக் காட்டவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. உலகம் என்பது அவர் நடத்தும் வாட்ஸ்அப் குழு.

"கையால தொட்டுப் பாக்கது பாமர வழக்கம், ஹெப்சி. கை பொய் சொல்லும். கருவி சொல்லாது."

சட்டதிட்டங்கள் கடுமையானவை. காபி கூடாது, வெங்காயம் கூடாது, பற்பசை கூடாது. மருந்துக்கு முன்னாலும் சூடு அளப்பதற்கு முன்னாலும் வாய் கொப்பளித்தாகவேண்டும். முதல் நாள் மருந்து ஏற்றிய சீனி உருண்டைகளைச் சப்பி முடித்துச் சற்று நேரம் கழித்து ஹெப்சிபா கொப்பளிக்க அடுக்களைக்குப் போனாள். தொண்டை வறண்டு எரிந்தது. ஃபிரிட்ஜிலிருந்த தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டு துப்ப மனமில்லாமல் நின்றாள். திரும்பி வந்து தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைத்தாள்.

"எறங்கிட்டு! ஏட்டி, எறங்கிட்டு!"

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து வெகுகாலமாகியிருந்தது. மகன் ஜோஷுவா பெங்களூரிலிருந்து போனில், "அப்பா, அது வெறும் சீனி. டீயில போட்டுக் குடிங்க" என்று சிரித்த நாளிலிருந்து மனிதர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோகப் பழகியிருந்தார். அன்றைக்கு ரெண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

தண்ணீர் செய்த வேலை என்று ஹெப்சிபாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. மறுநாள் ஐஸ் தண்ணீரைத் தெரிந்தே வாயில் அடக்கினாள். அதற்கு மறுநாளும்.

வாட்ஸ்அப்பில் வரைபடம் இறங்கிக்கொண்டே போனது. கும்பிடு போடும் கைகள் வந்து குவிந்தன. சார் ஒவ்வொரு கைக்கும் தனித்தனியாக நன்றி சொன்னார். உள்ளே காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. விலாவுக்குக் கீழே குத்தியது, சிறுநீர் எரிந்தது. நடுக்கத்தைப் போர்வைக்குள் ஒளித்தாள். தானாகப் போய்விடும் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையும் ஏறக்குறைய சீனி உருண்டைதான்.

பக்கத்து வீட்டு முத்துராணி தன் மகளின் சளி இருமலுக்கு மருந்து வாங்க வந்தவள், உள்ளே எட்டிப் பார்த்து ஹெப்சிபாவின் கையைப் பிடித்தாள்.

"ஏ யக்கா, என்ன இப்படிக் கொதிக்கு? சார்வாள், இங்கன வாங்க!"

"தொண்ணூத்தொம்பதுதான். இப்பத்தான் பாத்தேன்."

"அந்த மிஷினக் கொண்டுபோய் வாய்க்கால்ல போடுங்க. தொட்டுப் பாருங்க சார்வாள்!"

சார் தொட்டார். தொட்ட கையை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டையில் துடைத்தார். ஆட்டோவை முத்துராணிதான் பிடித்தாள்.

சிறுநீரகத்தில் இருந்த கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். சார் வரைபடத்தைக் காட்டப் போனை நீட்டினார். டாக்டர் அதைப் பார்க்கவில்லை. "படிச்சவங்கதான நீங்க?" என்று மட்டும் கேட்டார். போனைப் பையில் போட முடியாமல் சார் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அதே போன் அலறியது.

"அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான்ப்பா காரணம்!" ஜோஷுவாவின் குரல் கட்டில்வரை கேட்டது.

தீவிர சிகிச்சைக்கு மாற்ற ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மகன் வந்து சேரும்போது தனக்குப் பேச்சிருக்குமோ இருக்காதோ என்று ஹெப்சிபா நினைத்தாள். இவர் இந்தப் பழியோடு அவன் முன்னால் நிற்கக்கூடாது.

"இங்கேருங்க," என்றாள் ஹெப்சிபா. "நீங்க சரியாத்தான் பாத்தீங்க. நாந்தான் ஐஸ் தண்ணிய வாயில வச்சிட்டு வந்தேன். ஜோஷுவாட்ட சொல்லிருங்க, தப்பு என்னுது."

புரிய அவருக்கு நேரமாயிற்று.

"எதுக்குட்டி?"

"நீங்க நல்லாச் சாப்ட்டீங்க."

சார் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, ஒரு மார்க்காவது கூட்டிப்போட மாட்டார்களா என்று கேட்கிற பையனைப்போலப் பைய கேட்டார்: "ஒரு நாளாவது... தண்ணி வைக்காம... எறங்குச்சா?"

பொய் அவள் வாயில் தயாராக இருந்தது. ஆனால் முத்துராணியின் பிள்ளைக்கு இருமல் இன்னும் நிற்கவில்லை. இவர் திரும்பிப் போய் அதற்கும் அலமாரியைத் திறப்பார்.

"இல்ல," என்றாள். "ஒரு நாளும் எறங்கல. அந்தப் பிள்ளைய டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போவச் சொல்லுங்க."

அவர் தலையை ஆட்டினார். ஆட்கள் வந்து கட்டிலை உருட்டினார்கள். போர்வையின் நுனியைப் பிடித்தபடி கூடவே நடந்துவந்தார். கண்ணாடிக் கதவருகே நர்ஸ் ஒருத்தி, அவர் பேத்தி வயதிருக்கும், கையை நீட்டி மறித்தாள்.

"வெளிய நில்லுங்க."

போர்வையை விட்டுவிட்டு, நின்றார்.