அப்பாசாமி வீட்டுத் தக்காளி

அப்பாசாமி எனக்குத் தரவேண்டியது பன்னிரண்டு வெள்ளி நாற்பது காசு. பெண்டாட்டி பிரசவத்துக்கு வாங்கியது. மெர்டேக்கா, அதான் நாட்டுக்குச் சுதந்திரம், வந்து இரண்டு மாதமாகியும் கைக்கு வரவில்லை. கேட்டால், "தக்காளி வித்ததும் மொத காசு ஒங்களுக்குத்தாண்ணே" என்பான்.

காஜா பெராங் வட்டாரத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். ஒரே நாளில் ஒரே விதையைப் போட்டோம். என் செடிகளில் அடியிலையெல்லாம் பழுப்புப் புள்ளி விழுந்து, மஞ்சளாகிச் சுருண்டுவிட்டது. அவனுடையது கொத்துக் கொத்தாய்க் காய்த்து வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தது. முனிசிபல் சாக்கடை வெட்டிவிட்டு இடுப்பு ஒடிந்து வருகிற என் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

"என் காசுல மருந்து வாங்கி அடிக்கிறான்" என்றேன் மனைவியிடம்.

"மருந்துமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல" என்றாள் கமலவேணி. "காலையில வேர்ல மட்டும் தண்ணி ஊத்துறாரு. மண்ணு தெறிச்சு இலையில ஒட்டாம அடியில லாலான் புல்லப் பரப்பியிருக்காரு. நீங்க அந்தியில தலையோட குளிப்பாட்டுறீங்க. ராத்திரி பூரா ஈரம். பூஞ்சணம் பிடிக்காம என்ன செய்யும்?"

அடுத்தவன் செடியை எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்து வைத்திருக்கிறாள்! அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரமே மச்சினி கல்யாணத்துக்கென்று குடும்பத்தோடு சிரம்பானுக்குக் கிளம்பினான் அப்பாசாமி. பத்து நாள்.

"காலையில ஒரு டின் தண்ணி, வேர்ல மட்டும்ணே. ஒங்க செடியத் தொட்ட கையோட இதத் தொட்டுடாதீங்க."

என் கை என்ன நாறுகிறதா?

தினமும் சாயங்காலம் வாளி வாளியாய் மேலேயிருந்து ஊற்றினேன். லாலானை ஒதுக்கிவிட்டேன். என் செடியின் கருகிய இலைகளைக் கிள்ளி அவன் பாத்தியில் போட்டேன். ஏழாம் நாள் முதல் புள்ளி தெரிந்தது. மனசு குளிர்ந்தது. பத்தாம் நாள் காயிலும் கறை விழுந்தபோதுதான், அழுகுவது என் பன்னிரண்டு வெள்ளியும்தான் என்று உறைத்தது.

திரும்பி வந்த அப்பாசாமி செடிக்கு முன்னால் குந்தினான்.

"மழையாண்ணே?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாத்தியில் கிடந்த இலை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். அவ்வளவு முற்றிக் கருகிய இலை அவன் செடியில் இல்லை.

"மழையில்ல. நான்தான் மேலேயிருந்து ஊத்தினேன். இலையையும் போட்டேன்."

"தெரியாமலா?"

"தெரிஞ்சுதான்."

அவன் புள்ளி விழுந்த இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிச் சாக்கில் போட்டான்.

"மேல நாலு கொத்து தேறும். அது பிள்ளைக்குப் பால்மாவு வாங்க."

"என் காசு வேணாம் தம்பி."

"நீங்க என்ன வேணாங்கறது?" அவன் நிமிரவேயில்லை. "நான் தரப்போறதில்ல."

"சரி" என்றேன்.