பார்க்கும்போது வராத பிழை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் ஒட்டுக்கேட்டது. தேனியிலிருந்து கம்பம் போகும் பேருந்தில், முன் இருக்கையில் இருந்த பெண் போனில் யாரிடமோ சொன்னாள்: "பாத்துக்கிட்டே இருந்தா வர மாட்டேங்குது. பாக்காம விட்டாத்தான் வருது." காய்ச்சலா, பேயா என்று காதைத் தீட்டிக்கொண்டேன். இரண்டுமில்லை. கெர்னலில் ஏதோ பிழையாம். அவள் சின்னமனூரில் இறங்கிப் போய்விட்டாள்.

மிச்சம் முழுக்க என் இட்டுக்கட்டு. அவளுக்கு எப்சிபா என்று பெயர் வைத்தேன். கூடவே ஞானதுரை என்று ஒரு கணவரையும் கட்டிவைத்தேன். கதைக்கு அதுதான் வசதி.

2

முதல் தொடக்கம்: மேகமலையிலிருந்து இறங்கிய மேகம் எப்சிபாவின் ஜன்னலுக்கு வந்து…

[வேண்டாம். அந்த மேகத்தை ஆளாளுக்கு இறக்கியாகிவிட்டது.]

இரண்டாவது: கோம்பைச் சாலையில் ஒரு நாய்…

[கோம்பை என்று எழுதினாலே நாய் ஓடி வந்துவிடுகிறது. அதற்கு இங்கே வேலையில்லை. விரட்டிவிட்டேன்.]

மூன்றாவது: ஆடி மாதத்துச் சனிக்கிழமை மதியம், எப்சிபா தன் கணவர் எழுதியதில் குற்றம் தேடிக்கொண்டிருந்தாள்.

இது இருக்கட்டும்.

3

கம்ப்யூட்டரில் ரயில் டிக்கெட் எடுப்பதைத் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கெர்னல் என்பது அதன் அடிவயிறு. நாம் எதைத் தொட்டாலும் அதைக் கேட்டுத்தான் நடக்கும். உள்ளே எந்த வேலை விழித்தது, எது காத்திருந்தது, எது தூங்கப் போனது என்று ஒன்றுவிடாமல் குறித்துவைக்கும் ஏற்பாட்டுக்கு ட்ரேசிங் என்று பெயர். (குறிக்கும் இடம் வட்டமானது. நிறைந்துவிட்டால் பழையதன் மேலேயே புதியது விழும். இப்போதெல்லாம் என் ஞாபகமும் அப்படித்தான்.)

ஞானதுரை அந்த ட்ரேசிங்கை வேகமாக்க ஒரு மாற்றம் எழுதியிருந்தார். இரண்டு வேலைகள் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் எழுதிவிடாமல் காத்துவந்த ஒரு பூட்டை எடுத்துவிட்டார். அது தேவையில்லை என்பது அவர் கட்சி. இப்படிப்பட்ட மாற்றங்களை எல்லோரும் பார்க்க மின்னஞ்சலில் அனுப்புவார்கள். படித்து, ஓட்டிப் பார்த்து, சரியென்று தோன்றினால் அடியில் 'பார்த்தேன்' என்று தன் பெயரை ஒரு வரியாகப் போட வேண்டும். பின்னால் பிழை கிளம்பினால் அந்தப் பெயரும் சேர்ந்து கெடும். அந்தப் பகுதிக்கு எப்சிபாவின் பெயர்தான் பெரிய பெயர். மற்றவர்கள் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். கணவர் விஷயம் என்று அவள் ஒதுங்கியிருக்கலாம். [ஒதுங்கினால் என் பிழைப்பு போச்சு.]

இதையும் சொல்ல வேண்டும். எப்சிபாவுக்குத் தேனியில் கல்லூரி வேலை. ஞானதுரைக்குப் பெங்களூர் கம்பெனி. பல வருஷம் ஆளுக்கொரு ஊரில் கிடந்துவிட்டு, இந்த வருஷம்தான் ஒரே வீட்டில் சாப்பிடுகிறார்கள். இந்த மாற்றம் கெர்னலின் அடுத்த பதிப்புக்கான இந்தச் சுற்றிலேயே ஏற்கப்பட்டால் அவர் சின்னமனூரிலேயே இருந்து வேலை பார்க்கக் கம்பெனி சம்மதிக்கும். இல்லையென்றால் பெங்களூருக்குத் திரும்ப வேண்டும். எப்சிபாவுக்கு அவர் போகக் கூடாது. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

4

சோதனைக்கு இருவருக்கும் ஒரே வழக்கம்தான். பிழையைப் பிடிக்கக் கெர்னலுக்குள் வைத்திருக்கும் எல்லாக் காவலையும் போட்டுவிட்டு ஓட்டுவார்கள். கவனமானவர்கள் அப்படித்தான் செய்வார்கள். காவல் இருந்தால் எல்லாம் கொஞ்சம் மெதுவாக நடக்கும். மெதுவாக நடந்தால் யாரும் யாரையும் இடிப்பதில்லை. இருவருக்கும் ஒன்றும் அகப்படாமல் போனது அதனால்தான்.

அன்று ஆடிக்காற்றில் கரண்ட் போய்விட்டு வந்தது. கட்டிலுக்கடியில் இருந்த சோதனைக் கம்ப்யூட்டர் தானாகவே திரும்பக் கிளம்பியது, காவல் எதுவுமில்லாத கெர்னலோடு. எப்சிபா கவனிக்கவில்லை. சோதனையை மறுபடி ஓடவிட்டு ஜன்னலில் சாய்ந்தாள். திராட்சைப் பந்தல்கள் மேல் வெயிலும் நிழலும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போயின. திரையில் வரிகள் மேலேறின. விழித்தது, தூங்கியது, விழித்தது, தூங்கியது. பாதித் தூக்கத்தில் அவளுக்கு அது பக்கத்தில் யாரோ மூச்சு விடுவதுபோல இருந்தது. ஞானதுரையின் மூச்சாகவும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். அப்படியே கொஞ்ச நேரம் போனது.

கண் விழித்தபோது ஓட்டம் முடிந்திருந்தது. நடந்ததையும் குறித்ததையும் எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைந்தது. காவல் இல்லாமல் ஓடியிருப்பதை அப்போதுதான் கவனித்தாள்.

"ஏங்க, காவலை எல்லாம் அணைச்சுட்டு ஓட்டிப் பாத்தீகளா?"

ஞானதுரை அடுப்படியில் திராட்சை கழுவிக்கொண்டிருந்தார். "எதுக்கு? போட்டு ஓட்டுனதுலயே ஒண்ணும் வரலையே."

"போட்டதாலதான் வரல. பாத்துக்கிட்டு இருந்தா வர மாட்டேங்குது."

"எத்தன தொலஞ்சிருக்கு?"

"ஒண்ணு."

"கோடியில ஒண்ணு, எப்சி."

"அந்த ஒண்ணத் தேடித்தான ஆளுக ட்ரேசிங்கையே போடுறாக."

அவர் குழாயை மூடவில்லை. "பேரு உன்னோடது. நீ பாத்துச் செய்யி," என்றார்.

"பூட்டத் திருப்பிப் போட்டுட்டு, வேற வழி யோசிக்கலாம்ல?"

"யோசிக்கலாம். இந்தச் சுற்றுக்குள்ள முடியாது."

எப்சிபா திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

5

ஞானதுரை மேல் எனக்கு ஒரு சந்தேகம். 'அவருக்கு முன்பே தெரி…' என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். தெரிந்திருந்தால் ஆள் கள்ளன். அவர் திராட்சை கழுவுகிற விதம் அப்படி இல்லை. விட்டுவிடுவோம்.

முடிவுகள் கைவசம் மூன்று.

அவள் பெயரைப் போடுகிறாள். அவர் இங்கேயே இருக்கிறார். அஞ்சல் வரும்போதெல்லாம் அவளுக்குத் திக்கென்கிறது.

அவள் பிழையை எழுதி அனுப்புகிறாள். தேனி பேருந்து நிலையத்தில் ஞானதுரை பையோடு நிற்கிறார். "நீ செஞ்சது சரிதான்" என்கிறார். அவளுக்கு அழுகையாக வருகிறது.

அவரே வந்து, "நான் வாபஸ் வாங்கிக்கிறேன், நீ வருத்தப்படாத" என்று… [இது எல்லோருக்கும் பிடிக்கும். எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. அடித்துவிட்டேன்.]

6

எத்தனை முறை எழுதினாலும் எப்சிபா இரண்டாவதைத்தான் செய்கிறாள். முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகுதான் உறைத்தது: நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு நானும் ஒரு காவல். ஆள் பார்க்கும்போது யாரும் மெதுவாகத்தான், ஒழுங்காகத்தான் நடப்பார்கள். தனியாக விட்டால் அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. பாசம் வைத்துவிட்டேன்; அதனால் தெரிந்துகொள்ளவும் பயமாக இருக்கிறது.

இப்போது திரையில் இரண்டு அஞ்சல்கள் திறந்திருக்கின்றன. ஒன்றில் அவள் பெயர் இருக்கிறது. இன்னொன்றில் பிழை இருக்கிறது. அடுப்படியில் குழாய் இன்னும் ஓடுகிறது, திராட்சை எப்போதோ சுத்தமாகிவிட்டது. அவள் விரல் ஏதோ ஒரு அஞ்சலின் மேல்…

நான் எழுந்து போகிறேன். நீங்களும் வந்துவிடுங்கள். நீங்கள் இங்கே நிற்கும்வரை அவள் எதையும் அனுப்ப மாட்டாள்.

தெரிந்தே ஆக வேண்டுமென்றால் அவள் செய்ததுபோலச் செய்யுங்கள். எல்லாம் முடிந்த பிறகு எண்ணிப் பாருங்கள். சின்னமனூர் பக்கம் போகும்போது அவர்கள் வீட்டு மாடியில் துணி காயும் கொடியைக் கவனியுங்கள். அவர் சட்டை காற்றில் ஆடினால், எங்கோ ஒரு கம்ப்யூட்டரின் கணக்கில் ஒன்று குறைகிறது. கணக்கு சரியாக இருந்தால், கொடியில் ஒன்று குறையும்.

எது குறைந்தது என்று பார்த்துவிட்டு, என்னிடம் மட்டும் வந்து சொல்லாதீர்கள்.