மிஞ்சிய சுவர்

திருப்பதியில் அந்தத் தெருவின் பழைய வீடுகளெல்லாம் லாட்ஜாகிவிட்டன. கடைசியாக நின்ற தாட்சாயணியின் வீட்டையும் ரோட்டை அகலப்படுத்த இடித்துப்போட்டார்கள். பூஜையறைச் சுவர் மட்டும் மிஞ்சியது. அவள் வைத்த மஞ்சள் குங்குமத்தோடு சாமி மாடம் இப்போது தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

திருச்சானூர் வாடகை அறையிலிருந்து ஒருநாள் ஷேர் ஆட்டோவில் வந்தாள். வெளியூர்க்காரர்கள் மாடத்தைக் கோயிலென்று நினைத்து, மொட்டைத் தலையும் சந்தனமுமாக வரிசையில் நின்றார்கள். அவள் விறுவிறுவென்று முன்னால் போனாள்.

கற்பூரம் விற்பவன் மறித்தான். "இத்தினி பேரு நின்னுக்கினு இருக்காங்க, கண்ணு தெரியலயா? லைன்ல வாம்மா."

"இது என் வூடுய்யா!"

"சாமி வூடு எல்லாருக்கும் வூடுதாம்மா. பின்னால போ."

கூடம் இருந்த இடத்துத் தார் ரோட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு, தாட்சாயணி கடைசி ஆளாகப் போய் நின்றாள்.